அம்மை பேசாத நாளில் வந்த ஒப்புதல்

சௌந்தரவல்லிக்கு அநியாயம் நடந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர்கூட அதை அநியாயம் என்று நினைக்கவில்லை. அது அதைவிடப் பெரிய அநியாயம்.

வெண்பாறைக் குடில் என்ற ஆசிரமத்தின் பெண்கள் விடுதியை இளவயதிலிருந்து நடத்தி வந்தவள் அவள். ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் கைபேசியில் செய்தி வந்திருந்தது. விடுதிப் பொறுப்பிலிருந்து அவளை எடுத்து, கொல்லிமலைக் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். கீழே ஒரு பச்சை டிக். அதன் பக்கத்தில், 'குரு ஒப்புதல் அளித்தார்.'

மத்தியானம் ஜீப் வரும், தயாராக இருக்கவும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான்.

விடுதியில் சமைக்கும் பெண்கள் அழுதார்கள். அழுதபடியே புத்தியும் சொன்னார்கள். குருவான அம்மை ஒன்று நினைத்தால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும், பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு போய்விடு என்றார்கள்.

"அர்த்தம் என்னன்னு கேட்டுட்டே போறேன்" என்றாள் சௌந்தரவல்லி.

குருவின் சொல்லைக் கேள்வி கேட்கும் வழக்கம் குடிலில் இல்லை. ஆனால் சௌந்தரவல்லிக்கு அந்த வழக்கம் எப்போதுமே சரியாகப் படிந்ததில்லை.

இந்த வம்பெல்லாம் ஒரு தண்ணீர் மோட்டாரில் ஆரம்பித்தது. விடுதி மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் வாங்க ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்து வேண்டும். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், இன்னொருவர் கோப்பு தன் கைக்கே வரவில்லை என்றார். அதுவரை பெண்பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் குடிலின் மருத்துவமனைத் தொட்டியிலிருந்து குடம் சுமந்தார்கள். சௌந்தரவல்லி அலுவலக வாசலில் நின்று சண்டை போட்டாள். உலகமெல்லாம் இந்த வேலையைக் கணினியில் ஓட்டுகிறது, நாம் மட்டும் ஏன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம் என்று கேட்டாள்.

ஆக, மென்பொருள் வேண்டும் என்று முதலில் சொன்னவளே அவள்தான்.

கமிட்டி போட்டார்கள். செயலாளர் ராமபத்ரன் அதற்குத் தலைவர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நேர்மையானவர், நல்ல குரல்வளம் உள்ளவர். சில நிறுவனங்கள் வந்து திரையில் காட்டிவிட்டுப் போயின. வண்ணங்களைப் பார்த்துக் கமிட்டி மயங்கியது. வாதாடி வாதாடி ஓர் இடம் வாங்கியிருந்த சௌந்தரவல்லி மட்டும் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினாள். விண்ணப்பம் போடுகிறவர்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். கையெழுத்துப் போடுகிறவர்களே தேர்ந்தெடுத்தால், கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வசதியானதுதான் வரும் என்றாள்.

ராமபத்ரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். இந்த அம்மாளுக்குக் கொல்லிமலைக் காற்று நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அங்கே ஆளும் தேவைப்பட்டது.

கடைசியில் ஒரு மென்பொருளைச் சோதனையாக ஓட விட்டார்கள். கமிட்டிக்கு அதில் பிடித்தது ஒரே விஷயம், எதுவும் தேங்காது. யாரிடமாவது விண்ணப்பம் போய் ஒரு நாளுக்குள் பதில் வராவிட்டால், அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மேலே நகர்த்திவிடும்.

குரு உமையாளுக்குச் சௌந்தரவல்லியைவிட வயது மிகக் குறைவு. குடிலில் எல்லோருக்கும் அவர் அம்மை. அவரோ சௌந்தரவல்லியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். புதன்கிழமை விளக்கு வைத்ததிலிருந்து வெள்ளி விடியும்வரை அம்மைக்கு மௌனம். அந்த நேரத்தில் தலையைக்கூட அசைக்கமாட்டார். கைபேசி அவர் பக்கத்திலேயே இருக்காது.

சௌந்தரவல்லி போனபோது அம்மை மௌனம் முடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி அம்மை. நீங்க சம்மதிச்சீங்களா?"

"எதுக்கு?"

கைபேசியை நீட்டினாள். அம்மை படித்தார். இது எப்போது அனுப்பப்பட்டது என்று கேட்டார். புதன்கிழமை, விளக்கு வைத்த பிறகு என்றாள்.

"நேத்து என்ன கிழமை அக்கா?"

"வியாழன்."

அம்மை கஞ்சியைக் குடித்து முடித்தார்.

சௌந்தரவல்லிக்குப் பாதி ஆறுதல், பாதி எரிச்சல். "அப்போ நீங்க சம்மதிக்கல. அதை இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"சொன்னா?"

"ஜீப்பு வந்த வழியே போகும்."

"அடுத்த வியாழக்கிழமை வேற யாருக்காவது வரும்."

"அதுவரைக்கும் நான் பெட்டியும் கையுமா நிக்கணுமா?"

"பத்து மணிக்குக் கமிட்டி இருக்குல்ல. வாங்க."

"என்னை அதுலேர்ந்தும் எடுத்தாச்சு அம்மை. வார்டனாத்தானே உட்கார்ந்திருந்தேன்."

"நான் கூப்பிட்டேன்னு வாங்க" என்றார் அம்மை.

கமிட்டி கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சோதனை ஓட்டத்தில் இருந்த மென்பொருளை வாங்குவதா என்று அன்று முடிவு எடுக்கும் நாள். நிறுவனத்தின் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து ஜெரால்டு என்பவர் வந்து சுவரில் திரையை விரித்திருந்தார். வெளித் தாழ்வாரத்தில் விடுதிப் பெண்கள் வகுப்புக்குப் போகாமல் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகச் சொன்னவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை, போகவும் இல்லை.

சௌந்தரவல்லியைப் பார்த்ததும் ராமபத்ரன் அன்பாகவே பேசினார். பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டதா என்றுகூடக் கேட்டார். அம்மையின் ஒப்புதல் இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது அந்த அம்மாளின் பாக்கியம் என்றார்.

அம்மை திரைப் பக்கம் திரும்பினார். ஒரு விண்ணப்பம் எப்படிப் போகிறது என்று தான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு நாள் காத்திருக்க முடியாது, அந்தக் கெடுவை இரண்டு நிமிஷமாகக் குறைக்க முடியுமா என்று ஜெரால்டைக் கேட்டார். முடியும் என்று அவர் குறைத்தார்.

"அக்கா, நான் சொல்றேன். நீங்க டைப் அடிங்க."

அம்மை சொன்னார். திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. 'செயலாளர் திரு. ராமபத்ரன் நாளை முதல் அன்னக்கூடத்தில் தேங்காய் துருவுவார். ஒப்புதல் தர வேண்டியவர்: திரு. ராமபத்ரன்.'

கூடம் சிரித்தது. ராமபத்ரனும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கைபேசியை எடுக்கப் போனார்.

"பிரார்த்தனை இன்னும் ஆகலையே" என்றார் அம்மை. "ஆரம்பிங்க."

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையை ராமபத்ரன்தான் பாடுவார். பாட ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார், ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து மூன்று தடவை சுற்றிவருவார். இடையில் அவரை நிறுத்த யாராலும் முடிந்ததில்லை. கைபேசியை மேஜையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

இரண்டாவது அடியின் நடுவில் கூடத்திலிருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன. திரையில் பச்சை டிக் விழுந்தது. 'திரு. ராமபத்ரன் ஒப்புதல் அளித்தார்.'

பாட்டு நின்றது.

அன்னக்கூடத்துப் பொறுப்பாளர் செண்பகம் முதலில் பேசினாள். "காலையில நாலு மணிக்கு வந்துடுங்க சார். அருவாமனை நான் தரேன்."

ராமபத்ரன் அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தார். "நான் ஒண்ணுமே சொல்லலையே."

"பாடிட்டு இருந்தீங்க" என்றார் அம்மை.

"பாடுறது சம்மதமா அம்மை?"

"பேசாம இருக்கிறது?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ராமபத்ரனுக்கு முகம் சிவந்தது. தான் சூது எதுவும் செய்யவில்லை என்றார். விருப்பமில்லையென்றால் எப்படியாவது தடுத்திருப்பீர்கள் என்றுதான் நம்பினேன் என்றார். "உங்க மௌனத்தையே உத்தரவா எடுத்துப் பழகிட்டோம் அம்மை."

"வியாழக்கிழமை நான் பேசாம இருக்கிறது எனக்காக" என்றார் அம்மை. "அதுல உங்களுக்கு உத்தரவு எதுவும் இல்லை."

பொருளாளர் பெருமூச்சு விட்டார். இந்தச் சனியனே வேண்டாம், பழையபடி காகிதத்துக்கே போய்விடலாம் என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின.

சௌந்தரவல்லி எழுந்துவிட்டாள். தன்னைத் துரத்திய இயந்திரத்துக்காக அவளே வாதாட வேண்டி வந்தது, வாதாடினாள். காகிதத்துக்குப் போனால் மறுபடியும் பிள்ளைகள் குடம் தூக்குவார்கள் என்றாள். காகிதத்திலும் பதில் சொல்லாமல் இருந்தீர்கள், அப்போது எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை, இப்போது பதில் சொல்லாமல் இருந்தீர்கள், என் வேலை போயிற்று, இரண்டிலும் பேசாமல் இருந்தது மனிதர்கள்தானே என்றாள்.

ஜெரால்டு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அந்தக் கெடு முடிந்தால் ஒப்புதல் என்கிற ஏற்பாடு மென்பொருளோடு வந்ததில்லை. கமிட்டி கேட்டு வாங்கியது. வேண்டாம் என்று அவர் சொல்லியும் பார்த்தார்.

எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அப்போ அதை எடுங்க தம்பி" என்றாள் சௌந்தரவல்லி. "ஒருத்தர் பதில் சொல்லலன்னா, இன்னார் பதில் சொல்லலன்னு பேரோட எல்லாருக்கும் காட்டட்டும். அதுக்கப்புறம் அவருக்குப் பதிலா யார் பார்க்கணுமோ அவங்ககிட்ட போகட்டும். தானா பச்சை விழக் கூடாது."

முடியும் என்றார் ஜெரால்டு. அங்கேயே உட்கார்ந்து மாற்றினார். பொருளாளரின் பேர் மூன்று இடத்தில் சிவப்பில் வந்து நின்றது. அவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைத் திறந்தார்.

"இன்னொண்ணு" என்றார் அம்மை. "இந்த மாறுதல் விண்ணப்பத்தைப் புதுசா அனுப்பணும். அதுல எனக்கு முன்னாடி ஒரு படி சேர்க்கணும்."

"யாரைச் சேர்க்கணும், மேடம்?"

"யாரை மாத்துறோமோ அவங்களை."

ராமபத்ரனால் பொறுக்க முடியவில்லை. பணிவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். தான் முப்பது வருஷம் நிர்வாகம் பார்த்தவர், ஊழியரைக் கேட்டு மாறுதல் போடும் இடம் எங்கேயும் இல்லை. குரு முடிவு செய்வதற்கு முன்னால் சிஷ்யையிடம் அனுமதி கேட்பது முறையே இல்லை.

அம்மை சௌந்தரவல்லி பக்கம் திரும்பினார். "காலையில வந்து, நான் சம்மதிச்சேனான்னு கேட்டீங்க. உங்களை யாராவது கேட்டாங்களா அக்கா?"

சௌந்தரவல்லி வாயைத் திறந்தாள். இத்தனை நாளும் யார் எதைச் சொன்னாலும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தவள். அன்று காலையிலிருந்து இத்தனை பேசியவள். இந்தக் கேள்வி மட்டும் அவளுக்கே தோன்றியிருக்கவில்லை.

அவள் கைபேசி ஒலித்தது. விண்ணப்பம் வந்திருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கண்ணாடியில்லாமல் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே. பிறகு ஒன்றை அழுத்தினாள். காரணம் என்ன என்று அது கேட்டது. ஒரு விரலால் நிதானமாக எழுதினாள்.

திரையில் வந்தது. 'சௌந்தரவல்லி: மறுப்பு. காரணம்: நான் போக மாட்டேன்.'

ஜன்னலில் இருந்த பெண்கள் கத்தினார்கள். கம்பிகளைத் தட்டினார்கள். யாரோ ஒருத்தி ஓடிப்போய் ஜீப் டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். பொருளாளர் அமைதி, அமைதி என்றார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அம்மை அவர்களை அடக்கச் சொல்லவில்லை. அவர்களாகவே ஓயும்வரை உட்கார்ந்திருந்தார்.

ராமபத்ரன் அம்மையின் கைபேசியை எட்டிப் பார்த்தார். அதில் எதுவும் வந்திருக்கவில்லை.

"உங்ககிட்ட இன்னும் வரலையே அம்மை."

"வராது சார்" என்றார் ஜெரால்டு. "முன்னாடி ஒருத்தர் மறுத்துட்டா அங்கேயே முடிஞ்சிடும்."

ராமபத்ரன் திரையைப் பார்த்தார். சௌந்தரவல்லியைப் பார்த்தார். கடைசியில் அம்மையைப் பார்த்துக் கேட்டார். "அப்போ இதுல குருவுக்கு என்னதான் இடம்?"

"அக்கா மாட்டேன்னு சொன்ன பிறகு எனக்கு இதுல இடமே இல்லை" என்றார் அம்மை. "இதையே வாங்குங்க."