கரடிப்பாறைக்கு அந்தப் பக்கம்

"ரேடியோவைத் திருப்பி எடுத்துக்குங்க டீச்சர்" என்றார் சவரிமுத்து.

ஷம்ஷாத் நிமிரவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"நாலு மாசமா கூப்பிடறேன். ஒருத்தரும் பதில் சொல்லல. தொண்டை வறண்டதுதான் மிச்சம்."

"அலமாரில வைங்க."

அவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஆறு ரேடியோக்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் அவர் கையில் இருந்ததைப் போலவே உள்ளங்கை அகலம், குட்டை ஆண்டெனா. மேலே தூசி.

"இதெல்லாம் யாரோடது டீச்சர்?"

"நாலு மாசம் கூப்பிட்டவங்களோடது."

சவரிமுத்து தன் ரேடியோவை உள்ளே வைக்கவும் இல்லை, கதவை மூடவும் இல்லை. அப்படியே நின்றார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. தேயிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது வேலை. ஓடையை ஒட்டி மோட்டார் அறை, அதை ஒட்டி அவர் தங்கும் அறை. மகளின் பிரசவத்துக்கென்று திருப்பூர் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். பேச்சுத் துணைக்கு மோட்டார் மட்டும்தான். அது ஒரே பேச்சைத்தான் பேசும்.

போன வருஷ மழையில் மலை சரிந்து சாலை போயிற்று. செல்போன் கோபுரமும் போயிற்று. மகளுக்கு அது எட்டாம் மாசம். இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் சேற்றில் பதினோரு கிலோமீட்டர் நடந்து டவுனுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்ட் கூரைக்கடியில் நாலைந்து பேர் ரேடியோவும் காதுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவரிடம் மகளின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து சொன்னாள்:

"பொண்ணு நல்லாயிருக்கா. உங்களைச் சாப்பிடச் சொன்னா."

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அவள்தான் ஷம்ஷாத். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். வயது முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாடியில் கம்பியும் கோபுரமும் இல்லாமல் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு வகுப்பு எடுப்பாள், காசு வாங்காமல். மழை ஓய்ந்ததும் சவரிமுத்து அந்த மாடிப்படி ஏறினார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மின்சாரப் பாடம் படித்தார். முதல் தடவை பரீட்சையில் தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினார். லைசென்ஸ் வந்த அன்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மோட்டார் அறைச் சுவரில் மாட்டினார். ஷம்ஷாத் அவருக்கு ஒரு பழைய ரேடியோவைக் கொடுத்து, எந்த அலைவரிசையில் கூப்பிடவேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். லைசென்ஸில் தந்திருந்த தன் அழைப்புக் குறியைச் சொல்வார். "யாராவது இருக்கீங்களா?" என்பார். பொத்தானிலிருந்து விரலை எடுப்பார்.

இரைச்சல். இரைச்சல் மட்டும்தான்.

"டவுன்காரங்க நீங்க உங்களுக்குள்ள பேசிக்குவீங்க. மோட்டார்க்காரன் கூப்பிட்டா யாருக்கு என்ன?" என்றார் இப்போது.

ஷம்ஷாத் காலி மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்து மேசை நடுவே செங்குத்தாக நிறுத்தினாள்.

"இது கரடிப்பாறை."

கூட்டுக்கு இந்தப் பக்கம் விரலை வைத்தாள். "இங்க நாங்க."

அந்தப் பக்கம் வைத்தாள். "இங்க உங்க ஓடை."

சவரிமுத்து கூட்டையே பார்த்தார்.

"இந்த ரேடியோ பாறையைத் துளைக்காதுண்ணே. உங்க குரல் ஒரு நாள்கூட எங்ககிட்ட வந்ததில்ல. பாறைக்கு இந்தப் பக்கம் தங்கறீங்கன்னு நெனச்சுட்டேன். எங்க தங்கறீங்கன்னு கேக்காம விட்டது என் தப்பு."

"அப்ப நாலு மாசமா சுவத்தோட பேசியிருக்கேன்."

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அவள் முகத்திலும் களைப்பு தெரிந்தது. எட்டு வருஷமாக மாடிப்படி ஏறி வந்தவர்களும் இறங்கிப் போனவர்களும் அந்தக் களைப்பில் இருந்தார்கள்.

பிறகு ஓடைக்காக விரல் வைத்த இடத்திலிருந்து, கூட்டுக்கு எதிர்த்திசையில், மேசையின் விளிம்பு வரைக்கும் கோடு இழுத்தாள்.

"இந்தப் பக்கம் திறந்துதானே கிடக்கு? பள்ளத்தாக்கு. அங்கேயிருந்து ஒண்ணும் கேக்கலயா?"

"அங்க என்ன இருக்கு? காடு. நாலஞ்சு ஆதிவாசிப் பதிங்க."

"நான் கேட்டது, ரேடியோவுல ஒண்ணும் கேக்கலயான்னு."

"கேக்கும். ஒரு பொண்ணு குரல்."

ஷம்ஷாத்தின் கை நின்றது.

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கேக்கும். மெல்லிசா, ஆனா தெளிவா. அழைப்புக் குறி சொல்லும். யாராவது இருக்கீங்களான்னு கேக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு நிறுத்திடும்."

"எப்போலேருந்து?"

"நான் ரேடியோ வாங்கின நாள்லேருந்து."

"நீங்க பதில் சொன்னீங்களா?"

"நான் எப்படி டீச்சர்? நான் நேத்து லைசென்ஸ் வாங்கின ஆளு. அந்தப் பொண்ணு உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்களைத் தேடுதுன்னு நெனச்சேன். நீங்கல்லாம் பதில் சொல்லிட்டுத்தான் இருப்பீங்க, எனக்குத்தான் அது கேக்கலன்னு..."

"அண்ணே" என்றாள் ஷம்ஷாத். "அந்தக் குரலை நாங்க கேட்டதே இல்ல."

கடைக்கு வெளியே ஒரு பஸ் போயிற்று.

சவரிமுத்து அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினார். ரேடியோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டுமென்று பாதி தூரம் ஓடினார். முழங்கால் வலித்தது. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மோட்டாரை நிறுத்தினார். ரேடியோவைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குரல் வரவில்லை.

நேற்று வந்ததா? யோசித்தார். முந்தாநாள்? போன வாரம்? வந்ததாக ஞாபகம் இல்லை. எந்த நாளோடு நின்றது என்றும் தெரியவில்லை. நின்றதையே அவர் கவனிக்கவில்லை.

கூப்பிட்டார். இரைச்சல்.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். காலை ஏழு மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தரம். மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டதற்குத் தோட்டத்து மேஸ்திரி திட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைக்கு வந்தார். வகுப்பு முடிந்து மாடி காலியாக இருந்தது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நாலு நாளாக் கூப்பிட்டுட்டேன் டீச்சர். பதில் இல்ல. போதும்."

ஷம்ஷாத் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு எத்தனை நாள் கூப்பிட்டுச்சு?"

சவரிமுத்து சட்டைப்பையிலிருந்த ரேடியோவைத் தொட்டுப் பார்த்தார்.

அவள் துடைத்து முடித்து, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். "டீ சொல்லட்டுமாண்ணே?"

"வேணாம்" என்று எழுந்தார். "ஆறு மணிக்குள்ள போகணும்."

இரண்டு வாரம் போயிற்று. மழைக்காலம் தொடங்கியது. சில நாள் காய்ச்சலோடு கூப்பிட்டார். சில நாள் உள்ளுக்குள் நம்பிக்கை துளியும் இல்லாமல், பல் தேய்ப்பது போலக் கூப்பிட்டார். ஒரு நாள் பொத்தானை அழுத்திவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் பெருமூச்சு மட்டும் விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பகலிலேயே இருட்டிக்கொண்டு பெய்தது. மின்சாரம் இல்லை, அதனால் மோட்டாரும் இல்லை. ஆறு மணி. அழைப்புக் குறியைச் சொன்னார். வழக்கம்போல "யாராவது" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"ஆறு மணிக்குக் கூப்பிடுவியே, அம்மா" என்றார். "உன் குரல் எனக்குக் கேட்டுச்சு. மாசக்கணக்கா கேட்டுச்சு. நான் ஓடைக்கரை மோட்டார்க்காரன். பேரு சவரிமுத்து."

விரலை எடுத்தார்.

இரைச்சல் அறுந்தது.

"கேக்குது" என்றது அந்தக் குரல்.

சவரிமுத்து எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் மேனகா. கீழ்ப்பதி துணை சுகாதார நிலையத்துல நர்ஸ். இங்க செல்போன் எடுக்காது. காலேஜ்ல படிக்கும்போது லைசென்ஸ் வாங்கினேன்." குரல் மழையோடு சேர்ந்து கரகரத்தது. "ரேடியோவைத் துணியில சுத்திப் பெட்டியில வெச்சுட்டேன். இந்த ஊரு வேணாம்னு மாறுதலுக்கு எழுதியும் போட்டுட்டேன். இன்னிக்குக் கரண்ட் இல்ல. இந்த ரேடியோவுல ஒரு டார்ச் லைட் இருக்கேன்னு எடுத்தேன். ஆன் பண்ணினா நீங்க பேசறீங்க."

"நல்லா பேசும்மா" என்றார் அவர்.

"உங்க குரல் எனக்குப் பழக்கம்ணே. காலைல ஏழு மணிக்குக் கூப்பிடுவீங்க. பின்னாடி தண்ணி ஓடற சத்தம் கேக்கும். காபி போடும்போது தினமும் கேப்பேன்."

சவரிமுத்து பொத்தானை அழுத்தினார்.

"தினமும் கேட்டியா? அப்ப ஏம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லல?"

தகரக் கூரை மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"நீங்க டவுன் ஆளுங்களைத் தேடறீங்கன்னு இருந்தேன். என்னையா கூப்பிட்டீங்க?" என்றது குரல்.