நான்கு பேர் மட்டும்

அன்று பட்டறையின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். குரு திலகவதி, வயது முப்பத்தொன்று. சீடர் பொன்னுரங்கம், ஐம்பத்திரண்டு. சால்டரிங் அந்தோணி. கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தும் செல்லாயி அம்மாள். லிஃப்ட் ஓட்டும் பக்கிரிசாமி.

செல்லாயி கையில் ஒரு பெட்டி. அடைகாக்கும் இயந்திரத்தில் சூட்டைக் கவனிக்கும் பெட்டி அது. செய்தவர் பொன்னுரங்கம்.

"நேத்துலேருந்து மூணு தடவை தூங்கிடுச்சு," என்றார் செல்லாயி. "நானூறு முட்டை. என் மருமக முட்டைக்குச் சூடு காட்ட விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா ஆம்லெட்டுக்குக்கூட ஆகாது."

பொன்னுரங்கம் குருவிடம் முறையிட்டார்.

"மேடம், நினைவகம் மொத்தமே அறுபத்து நாலு எம்பி. பத்தலை. பெரிய போர்டு வாங்கணும்."

"எப்படிப் பங்கு வெச்சீங்க, அண்ணே?"

"நாலு புரோகிராம். சூடு பார்க்க இருபத்தெட்டு. திரைக்குப் பதினாறு. செய்தி அனுப்பப் பன்னெண்டு. பதிவேட்டுக்கு எட்டு. ஒரு துளி வீணாக்கலை."

"நின்னுபோனது எது?"

"சூடு பார்க்கிறதுதான். மூணு தடவையும், எல்லாத்தையும் ஓட்டுற ஆபரேட்டிங் சிஸ்டமே இடம் பத்தலைன்னு அதைக் கொன்னுடுச்சு."

குரு எழுந்தார்.

"மேலே போய்ப் பார்க்கலாம். எல்லாரையும் நீங்களே ஏத்துங்க."

லிஃப்டில் 'நான்கு பேர் மட்டும்' என்று எழுதியிருந்தது. பொன்னுரங்கம் குருவை ஏற்றினார். செல்லாயியை ஏற்றினார். அந்தோணியை ஏற்றினார். தானும் ஏறினார்.

"சரியா நாலு," என்றார்.

வெளியே நின்ற பக்கிரிசாமி எட்டிப் பார்த்தார்.

"சரிங்க சார். ஓட்டுறது யாரு? உங்க பெட்டியா?"

அந்தோணி சிரித்தார்.

பக்கிரிசாமி நால்வரையும் ஒருமுறை அளந்து பார்த்தார்.

"செல்லாயிம்மா, நீங்க இறங்குங்க."

"அடப்பாவி! நானா?"

"யோவ், அவங்களுக்காகத்தான்யா நாங்க எல்லாருமே மேல போறோம்!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

"யாராவது எங்கிட்ட சொன்னீங்களா? நாலு பேர்ல இவங்கதான் பெரிய ஆளு. இறங்கினா தாராளமா இடம் கிடைக்கும்."

பொன்னுரங்கம் செல்லாயி கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். குரு லிஃப்டின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

"நீங்க ஏறுங்க, பக்கிரி. அது உங்க இடம்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். திரைக்கு எட்டு. செய்திக்கு எட்டு. பதிவேட்டுக்கு நாலு. இருபத்தெட்டைத் தொடவில்லை. அதன் பக்கத்தில், அதை இறக்கிவிடக் கூடாது என்று மட்டும் ஒரு வரி சேர்த்தார்.

சாயங்காலம் செல்லாயியின் மருமகள் விளக்கைக் கீழே வைத்தாள்.

நினைவகத்தில் யாருக்கும் கொடுக்காத மீதி, பதினாறு.