சிவக்கொழுந்து கேட்ட பூனை

சிறுமலை அடிவாரத்தில் மெய்யம்மை என்றொரு துறவி சிறு மடம் ஒன்றில் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோருக்கும் மூத்த சீடர் சிவக்கொழுந்து. நூலகத்தில் காலமெல்லாம் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே கதைதான். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், எழுந்துபோய் எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் காலை, தியானம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா?" என்றார் மெய்யம்மை.

"வீட்டுக்கு ஒரு பூனை வாங்கணும்மா. எந்த வகைப் பூனை ஒத்துவரும்னு தெரியல."

பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மெய்யம்மை சிரிக்கவில்லை.

"யாருக்குப் பூனை?"

"பேத்திக்கு."

மகளுக்கு வெளிநாட்டில் வேலை. எட்டு வயதுக் கோதை தாத்தா வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படிக்கச் சொன்னால் படித்தாள். மற்ற நேரமெல்லாம் விருந்துக்கு வந்தவளைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அவள் போனில், "என்னை ஹாஸ்டல்ல சேர்த்துடும்மா" என்று கெஞ்சியது சிவக்கொழுந்தின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டு மதில்மேல் போகிற பூனையைப் பார்க்கும்போது மட்டும்தான் அந்தக் குழந்தையின் முகம் மாறும்.

"விசாரிச்சுட்டேம்மா. பாரசீகப் பூனை அடக்கமாம், ஆனா முடி கொட்டும். சயாம் பூனை பாசமாம், ஆனா ஓயாம கத்தும். நாட்டுப் பூனை அலமாரி மேலயே குடித்தனம் பண்ணும்."

"உங்களுக்கு எப்படிப்பட்டது வேணும்?"

"கத்தக் கூடாது. பிறாண்டக் கூடாது. முடி கொட்டக் கூடாது. ஏறிக் குதிச்சு எதையும் தள்ளிவிடக் கூடாது. வச்ச இடத்துல இருக்கணும்."

மெய்யம்மை எழுந்து உள்ளே போனார். மூடி கட்டிய மூங்கில் கூடை ஒன்றோடு திரும்பி வந்தார்.

"நீங்க சொன்ன குணம் அத்தனையும் இதுக்கு உண்டு."

சிவக்கொழுந்து வாங்கிப் பார்த்தார். நல்ல கனம்.

"திறந்து பார்க்கலாமா?"

"கோதை திறக்கட்டும். அவளா எப்போ நினைக்கிறாளோ அப்போ. அதுவரைக்கும் நீங்களும் பக்கத்துல தரையில உட்கார்ந்திருங்க. யாரும் அதட்ட வேண்டாம்."

பேருந்தில் கூடையை மடியை விட்டு இறக்கவில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டபோதெல்லாம் கூடையைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை குலுக்கலிலும் ஒரு முனகல் இல்லை. எவ்வளவு அடக்கம் என்று பூரித்துப் போனார்.

வீட்டில் கூடத்தின் நடுவே கூடை வைக்கப்பட்டது. அவர் மனைவி தையல்நாயகி காதை வைத்துக் கேட்டாள்.

"என்னங்க, மூச்சுச் சத்தமே காணோம்?"

"புது இடம். பயந்திருக்கும்."

கோதை ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கூடையருகே மண்டியிட்டாள். சிவக்கொழுந்து முழங்கால் வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து கோதை பார்த்ததே இல்லை.

வெயில் சுவரிலிருந்து இறங்கிப் போயிற்று. கூடை அசையவில்லை. கோதை குனிந்து கூடையிடம் ரகசியம் சொன்னாள்.

"பயப்படாதே. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. சத்தம் போட்டாதான் தாத்தாவுக்குப் பிடிக்காது. நானும் வந்தப்போ உன்ன மாதிரிதான் இருந்தேன். இப்பவும் அப்படித்தான் இருக்கேன்."

 சிவக்கொழுந்துக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. அவரும் கூடையின் பக்கம் குனிந்தார்.

"இல்ல கண்ணு. கத்தணும்னு தோணினா கத்து. தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கோதை நிமிர்ந்து பார்த்தாள்.

"அலமாரி மேல ஏறணுமா? ஏறிக்கோ. ஏதாவது உடைஞ்சா உடையட்டும். இது உன் வீடு. நீ வெளிய வந்தாப் போதும்."

கூடை பதில் சொல்லவில்லை. சிவக்கொழுந்து கொஞ்சம் தயங்கினார். பிறகு, நூலகத்தில் அத்தனை பேரை வாய்மூட வைத்த அந்த மனிதர், கூடைக்குள் கேட்கும்படி "மியாவ்" என்றார்.

அடுக்களை வாசலில் தையல்நாயகி அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னும் சத்தமா, தாத்தா" என்றாள் கோதை.

"மியாவ்!"

"மியாவ்!" என்று கோதையும் சேர்ந்துகொண்டாள். சட்டென்று கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள்.

உள்ளே உருண்டையாக, மஞ்சளாக ஒரு பூசணிக்காய் இருந்தது.

 கோதையின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று சிவக்கொழுந்து பதறிக் கையை நீட்டினார்.

"தாத்தா... பூனைக்குக் காம்பு இருக்கு!"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பால் கிண்ணம் கவிழ்ந்தது. தையல்நாயகி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு தடவை கண்ணுன்னு கூப்பிட்டிருப்பீங்களா? பூசணிக்காயக் கொஞ்சறீங்களே!"

சிவக்கொழுந்தும் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார். அந்த வீட்டிலிருந்து இப்படியொரு சத்தமா என்று எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

மறுநாள் காலை மூன்று பேரும் மலையடிவாரத்துக்கு வந்தார்கள். தையல்நாயகி கையில் ஒரு தூக்கு. உள்ளே பூசணிக்காய்க் கூட்டு.

"ஏமாத்திட்டீங்களேம்மா" என்றார் சிவக்கொழுந்து. முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"நீங்க கேட்டதைத்தானே கொடுத்தேன்?"

"ஆமாம்மா. அதுல ஒரு குறையும் இல்ல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவ அவங்கம்மாகிட்ட போன்ல இந்தக் கதையைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சாப்பாடே ஆறிப்போச்சு. ஹாஸ்டல் பேச்சை எடுக்கவே இல்ல."

மெய்யம்மை தூக்கைத் திறந்து, கூட்டை ஒரு வாய் ருசி பார்த்துத் தலையாட்டினார்.

மடத்தின் பின்கட்டில் வளர்கிற பூனைகளில் ஒன்று அந்த வாசனைக்கு வந்தது. செம்பட்டை நிறம். ஒரு காது கிழிந்திருந்தது. வரும்போதே ஊரைக் கூட்டியபடி வந்தது. கோதை "மியாவ்" என்றாள். அது அதைவிட உரக்கக் கத்தியது. அவளை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராகச் சிவக்கொழுந்திடம் வந்தது. அவர் பாதத்தை மோந்தது. வேட்டிக் கரையை நகத்தால் இழுத்துப் பார்த்தது. பின்னங்காலில் உட்கார்ந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு, அவரை அண்ணாந்து பார்த்தது. இப்போது அதனிடம் சத்தமே இல்லை.

சிவக்கொழுந்துக்கு ஆசை பொங்கியது. உரக்கக் கேட்டார்.

"அம்மா, இது எங்க வீட்டுக்கு ஒத்துவருமா?"

மெய்யம்மை உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க ஐயா. அதையேதான் அதுவும் யோசிச்சிட்டு இருக்கு."