மேல் வெடிப்பு

காட்டோடைக் கரையில் ஒரு மருத மரம். அதன் பொந்தில் தேனீக்கள் குடியிருந்தன. சித்திரை வெயில் ஏறியதும் பொந்துக்குள் அனல் பறந்தது. அடையிலிருந்த குஞ்சுப் புழுக்கள் ஒவ்வொன்றாக வாடிச் சாயத் தொடங்கின.

"விசிறுங்க! நிறுத்தாம விசிறுங்க!" என்று கத்தினாள் பொன்னரி. வீடு சூடேறாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வாசலில் நின்று இறகால் விசிறியவர்களில் செம்பியும் ஒருத்தி. களைத்தபோதெல்லாம் ஒரு வாய் தேன் குடித்தாள். மறுபடி விசிறினாள். எல்லோரும் அப்படித்தான். தேனறைகள் காலியாகிக்கொண்டே வந்தன. அனல் மட்டும் தணியவில்லை.

"பத்தலை! இன்னும் நூறு பேர் வாங்க!" என்றாள் பொன்னரி.

நூறு பேர் வந்தார்கள். குடித்த தேனெல்லாம் அவர்கள் உடம்பில் சூடாகி, வெப்ப மூச்சாக வெளிவந்தது. பொந்து முன்னைவிட அதிகமாகக் கொதித்தது. நல்ல நிர்வாகம்தான், போங்கள்!

செம்பி தான் ஊட்டி வளர்த்த புழுவை எட்டிப் பார்த்தாள். அது அசைவது அரிதாக இருந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவர வெளியே பறந்தாள்.

கிளையிலிருந்த அணில் கேட்டது: "என்ன செம்பி, உங்க வீட்டு உச்சியில ஒரு வெடிப்பு இருந்துச்சே? போன கோடையில அது வழியா சூட்டுக் காத்து குபுகுபுன்னு வரும். இப்ப காணோமே?"

செம்பிக்குச் சுருக்கென்றது. வெடிப்பு என்று ஒன்றைக் கண்டால் பிசின் கொண்டு அடைப்பது தேனீக்களின் வழக்கம். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பில் கடைசி உருண்டையை வைத்தவள் அவள்தான். பாராட்டும் வாங்கியிருந்தாள்!

ஒரே மூச்சில் உள்ளே ஓடினாள்.

"அக்கா, விசிற விசிறச் சூடுதான் ஏறுது. மேல் வெடிப்பைத் திறக்கணும். அதை அடைச்சதே நான்தான். தப்புப் பண்ணிட்டேன்!"

"பைத்தியமா உனக்கு? எறும்பு உள்ளே வந்தா யார் பதில் சொல்றது? போய் விசிறு!"

"எறும்பு வர்றதுக்குள்ள நாமே குஞ்சுகளைக் கொன்னுடுவோம் அக்கா!"

செம்பி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. உச்சிக்கு ஏறிப் பிசினைக் கடித்தாள். வெயிலில் இளகிய பிசின் வாயிலும் காலிலும் இறகிலும் ஒட்டியது. இழுத்ததில் ஓர் இறகு கிழிந்தது. வலியில் அழுதாள், ஆனால் விடவில்லை. இன்னும் இருவர் ஏறி வந்து கூடவே கடித்தார்கள்.

ஒரு தேனீ நுழையும் அளவுக்கு வழி திறந்தது. அடைபட்டிருந்த அனல் மேலேறிப் போனது. வாசல் வழியே ஓடைக்காற்று தானாக உள்ளே வந்தது.

பொன்னரி அந்தக் காற்றில் சற்று நேரம் நின்றாள். "பத்துப் பேர் விசிறினாப் போதும். மத்தவங்க பூவுக்குப் போங்க" என்றாள். பிறகு மேலே பார்த்து, "எறும்புக்கு யாரு காவல்?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன் அக்கா. இந்த இறகோட இனிமே எங்கே பறக்கப் போறேன்?" என்றாள் செம்பி.

மிச்சமிருந்த புழுக்கள் பிழைத்தன. செம்பி வளர்த்த புழு பிழைக்கவில்லை. அதைப் பொன்னரியே சுமந்துபோய் ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்தாள்.

அனல் போக வழியில்லாத வீட்டில், குளிர்ச்சிக்காகச் செலவழிப்பதெல்லாம் அனலாகத்தான் திரும்பி வரும்.