ஃபின்லேயின் பெட்டிக்கு முன்னால்

ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமம். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார் திருச்செல்வம். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு பேக்பைப் என்னும் ஊதுபைக் குழல் வாசிக்கும் ஆசை வந்தது. ஆசைக்கு வயதில்லை, மூச்சுக்குத்தான் உண்டு.

குருவாக வாய்த்தவள் மோராக், அவரைவிட இருபது வயது இளைய மாட்டு வைத்தியர். முதல் வருடம் பையைத் தொடவே விடவில்லை, வெறும் குழலில் விரல் பழக்கினாள். அவள் பேசியது ஆங்கிலம்தான். செல்வத்தின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாக விழுந்தது. நானும் அப்படியே சொல்கிறேன்.

பை கைக்கு வந்த மாரியில் பக்கத்து வீட்டு ஃபின்லே படுக்கையில் விழுந்தார். கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து தேயிலை வாங்கி, செல்வத்தை ஊருக்கே அறிமுகம் செய்து வைத்தவர் அவர். தன் சவப்பெட்டிக்கு முன்னால் செல்வம்தான் வாசித்துப் போகவேண்டும் என்று கேட்டார். செல்வம் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் பயம் பிடித்தது.

அந்த ஊரில் பெட்டியை வண்டியில் ஏற்றுவதில்லை. தேவாலயத்திலிருந்து மேட்டிலிருக்கும் இடுகாடு வரைக்கும் ஊரார் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமப்பார்கள். பைப் வாசிப்பவர் முன்னே நடப்பார். திரும்பிப் பார்க்கும் வழக்கமில்லை.

ஃபின்லே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு முதல் நாள் செல்வம் மோராக்கிடம் ஓடினார்.

"ஒரு பிழையும் விடாமல் வாசிக்க என்ன செய்யவேணும்? நான் பிழை விட்டால் அந்த மனுசன்ரை கடைசிப் பயணமே நாசம்."

மோராக் அவரைத் தேவாலயக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், பாடையில் மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். அயலார் மூன்று பேரைக் கூப்பிட்டாள். நாலாவது தோளாகச் செல்வத்தை நிறுத்தினாள். விரலுக்குப் பாடம் கேட்டு வந்தால் தோளுக்கல்லவா கிடைக்கிறது என்று அவர் முணுமுணுத்தார்.

அவள் முன்னே நடந்து வாசித்தாள். செல்வம் தெரிந்தெடுத்த அதே மெட்டு, அவர் பழகி வைத்திருந்த அதே வேகம். ஏற்றம் தொடங்கியதும் அவருக்கு நாக்குத் தள்ளியது. மெட்டு அவரை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நில்லுங்கோ என்று கத்திப் பார்த்தார். அவள் உச்சிக்குப் போய்த்தான் திரும்பினாள்.

"நான் கத்தினது கேக்கேல்லையா?"

"எப்பிடிக் கேக்கும்? நான் பிழை விடாமல் வாசிச்சுக்கொண்டெல்லோ வந்தன்."

செல்வம் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தூறல். அவர் வாசித்துக்கொண்டே முன்னே நடந்தார். பாதி ஏற்றத்தில் பின்னாலிருந்த காலடிகள் நின்றுபோயின. ஃபின்லேயின் தம்பி கலம், எண்பது தாண்டியவர், மூச்சு வாங்க நின்றுகொண்டு தோள் மாற்ற மறுப்பது கேட்டது.

மெட்டின் முதல் பகுதி அங்கே முடிந்தது. அடுத்த பகுதிக்குப் போயிருக்கவேண்டும். செல்வம் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு முதல் பகுதியையே திரும்ப எடுத்தார். பிறகும் அதையே எடுத்தார். மழையில் விரல் வழுக்கிச் சுரங்கள் விழுந்தன. பை ஒருமுறை கன்றுக்குட்டி மாதிரிக் கத்தியது. அவருக்கு அழுகை வந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

பின்னால் ஒரு காலடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

அடக்கம் முடிந்து, இடுகாட்டு வாசலில் எல்லோரும் விஸ்கி குடித்தார்கள். ஃபின்லேயைப் பற்றிப் பேசினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். வாசிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் கெடுத்துவிட்டோம் என்று செல்வத்துக்கு நெஞ்சு வெடித்தது. ஒதுங்கி நின்ற மோராக்கிடம் போனார்.

"எத்தினை பிழை விட்டன்? மறைக்காமல் சொல்லுங்கோ."

அவள் வலது தோளைத் தடவிக்கொண்டாள்.

"தெரியாது. கலம் தோள் மாத்தின பிறகு பெட்டி என்ரை தோளிலை இருந்தது. இறக்கி வைக்கேக்கைதான் அது கனமெண்டு தெரிஞ்சது."