நீலகண்டர் கோயில் சாவி

"அம்மா, இன்னைக்கு ஒருநாள் என்கூட இரேன்."

"களையெடுப்பு கிடக்குடா. சாயந்திரம் வந்துடுறேன்ல."

மகன் பூவேந்திரனோடு பேசிய இந்தக் கடைசிப் பேச்சை அஞ்சுகத்தம்மையார் ஒன்பது ஆண்டுகளாக மறக்கவில்லை. மாலையில் அவர் திரும்பியபோது மகன் உயிரோடு இல்லை. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டிலேயே, அவன் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

மேலப்பாடி நீலகண்டர் கோயிலைப் பெருக்குவது அம்மையாரின் பிழைப்பு. விடியலில் வாசல் தெளிப்பார், பிரகாரம் கூட்டுவார். பிறகு சன்னதிக்கு எதிரே நின்று, இன்னொரு வீட்டில் இது வேண்டாம் என்று மட்டும் வேண்டுவார்.

மனம் உடைந்த வேளையில் பூச்சிமருந்து கைக்கெட்டாமல் இருந்தால் அந்த வேளை கடந்துபோகும், பலர் பிழைப்பார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் ஒருநாள் கிராமச் செவிலியர் எடுத்துச் சொன்னார். ஊர் மருந்தையெல்லாம் நந்தவனத்து ஓரத்துப் பழைய அறையில் பூட்டிவைக்கலாம் என்றார் அம்மையார். கோயில் இடத்தில் விஷமா என்று அர்ச்சகர் தயங்கினார்.

"சாமி தொண்டையிலயே வச்சிருக்காரே, சாமி."

அர்ச்சகர் சிரித்துவிட்டார். சாவி அம்மையாரிடம் வந்தது. எந்த வயல், என்ன பூச்சி என்று கேட்டு அன்றைக்கு வேண்டியதை மட்டும் தருவார். மிச்சத்தைத் திருப்பி வாங்கிப் பூட்டுவார்.

"பெத்த புள்ளையக் காக்கத் துப்பில்ல, ஊரைக் காக்குதாம்" என்றார் உழவர் மாசிலாமணி, எல்லார் முன்னிலையிலும். மறுநாளும் விடியலில் வாசல் தெளித்திருந்தது.

அந்த மாசிலாமணியே மாசி மாதத்து நண்பகல் ஒன்றில் அறை வாசலில் வந்து நின்றார். மனைவியை இழந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கிழக்கு வயலுக்கு மருந்து வேண்டும் என்றார்.

கிழக்கு வயலில் அறுவடை முடிந்து மூன்று நாளாயிற்று. வெறும் தாள்தான் நின்றது.

அம்மையார் அதைச் சொல்லிக்காட்டவில்லை. செவிலியரை அழைத்துவரும்படி அர்ச்சகரை அனுப்பினார். தம் பங்குப் பிரசாதத்தை மாசிலாமணி முன் வைத்து, சாவியை மடியில் முடிந்துகொண்டு எதிரே அமர்ந்தார்.

"தம்பி, செத்துடலாம்னு தோணுதா?"

யாரும் மாசிலாமணியிடம் அதைக் கேட்டதில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தம் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டிருந்த நீலகண்டர் அன்று மாசிலாமணி வடிவில் தம்மிடமே வேண்ட வந்ததாக அம்மையார் கடைசிவரை நம்பினார். அந்த எளிய அடியாரின் மடி ஈசனுக்கும் இடம் தரும் மடிதான்.

மாசிலாமணி வாய் திறந்தார்.

"அக்கா, இன்னைக்கு ஒருநாள் என்கூட இரு."