வடுமுகத்தார் கேட்ட கிணறு

அரசன் வாயிலிருந்து விழுந்த சொல்லே சட்டமாகிப்போன ஒரு காலம் இருந்தது. கேளுங்கள், அந்தக் காலத்தில் நெடுவாயில் என்றொரு கோட்டை நகரம். அதை ஆண்டவன் கோளரி மன்னன்.

அந்த நகரத்தில் ஒரு வழக்கம். வைசூரி வந்து பிழைத்தவர்கள் முகத்தில் வடுவோடு கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் போகிறவர் கண்ணில் பட்டால் அபசகுனமாம். கோட்டைக்கு வெளியே சேற்றுப்பள்ளத்தில் அவர்களுக்குக் குடிசை. சாகாமல் பிழைத்தது ஒரு குற்றம், பாருங்கள்!

சிலம்பாயி ஏழு வயதில் வைசூரியில் கிடந்தாள். பிழைத்தாள். பள்ளத்துக்குத் துரத்தப்பட்டாள். அங்கேயே வளர்ந்து ஆளானாள்.

ஒரு கோடையில் வைசூரி மறுபடி நகரத்துக்குள் நுழைந்தது. பெற்றவளே பிள்ளையைத் தொடப் பயந்தாள். வைத்தியர் வாசலோடு திரும்பினார். பிணம் தூக்க ஆளில்லை. அப்போதுதான் அமைச்சருக்குப் பள்ளத்தின் நினைவு வந்தது.

வடுமுகத்தார் முப்பது பேர் உள்ளே போனார்கள். காய்ந்த வாய்களில் கஞ்சி ஊற்றினார்கள். கொப்புளங்களை வேப்பிலையால் வருடினார்கள். செத்தவர்களைப் புதைத்தார்கள். ஒருவருக்கும் நோய் ஒட்டவில்லை.

அரசன் வியந்து போனான். "உங்களை மட்டும் அது ஏன் விட்டுவிடுகிறது?"

"அதுவாக விட்டுவிடவில்லை, மகாராஜா," என்றாள் சிலம்பாயி. "ஒரு தடவை உள்ளே புகுந்து எங்களைச் சூறையாடின திருடன் அது. அவன் மூஞ்சி எங்கள் ரத்தத்துக்கு மறக்காது. திரும்ப வந்தால் தலையெடுப்பதற்குள் அமுக்கிவிடும்."

"நன்றாகச் சொன்னாய்! என்ன வேண்டும், கேள்."

"மேட்டில் ஒரு கிணறு. பள்ளத்துத் தண்ணீரில் புழு நெளிகிறது."

அமைச்சர் சிரித்தார். "வைசூரியே கிட்ட வராத உடம்பை இந்தத் தண்ணீரா சாய்க்கப் போகிறது? கல்லைத் தின்றாலும் உங்களுக்குச் செரிக்கும், போ!"

சபை முழுவதும் சிரித்தது. சிலம்பாயி சிரிக்கவில்லை.

"ஒரு திருடனை அடையாளம் தெரிந்தால் உலகத்துத் திருடனையெல்லாம் தெரியுமா, ஐயா? சண்டை போட்ட நோயைத்தான் உடம்புக்குத் தெரியும். பேதி வந்தால் உங்களைப்போலத்தான் நாங்களும் சாவோம்."

"வாய் நீளம்," என்றார் அமைச்சர். வைசூரி ஓய்ந்ததும் அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

ஒன்பது வருடம் கழித்து வைசூரி மறுபடி வந்தது. புதிதாய் வடு விழுந்து துரத்தப்பட்டவர்களையும் சேர்த்தே பள்ளத்தில் இப்போது பத்தொன்பது பேர்தான். மற்றவர்களையெல்லாம் பேதி கொண்டுபோயிருந்தது.

அமைச்சர் போய்க் கூப்பிட, சிலம்பாயி கோட்டை வாசல்வரை வந்து நின்றாள். "கிணறு வெட்டுங்கள், வருகிறோம்."

"குழந்தைகள் சாகும்போது பேரமா பேசுகிறாய், பாவி?" என்றார் அமைச்சர்.

பேரமாம்! தண்ணீர் கேட்டது பேரமாம்! உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. சிலம்பாயியின் கால் தானாக உள்ளே போயிற்று. நகரம் பிழைத்தது. நகரத்தார் மேட்டில் இரண்டு நாள் கிணறு தோண்டினார்கள். மூன்றாம் நாள் தேர்த்திருவிழா வந்தது. தோண்டினவர்கள் தேர் இழுக்கப் போனார்கள். அப்புறம் திரும்பவே இல்லை.

இன்னும் சில வருடம் கழித்து, மூன்றாம் முறை வைசூரி அரண்மனைக்குள்ளேயே வந்தது. அரசனின் ஒரே மகள் பாயில் துடித்தாள். தாதிகள் ஓடிவிட்டார்கள். இந்தத் தடவை அமைச்சர் போகவில்லை. அரசனே பல்லக்கோடு பள்ளத்துக்கு ஓடினான்.

குடிசைகள் திறந்து கிடந்தன. கடைசிக் குடிசையில் சிலம்பாயி சுருண்டு கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது.

"எழுந்திரு, தாயே! என் மகள் நெருப்பாய்க் கொதிக்கிறாள். ஒன்றல்ல, பத்துக் கிணறு வெட்டித் தருகிறேன். மற்றவர்கள் எங்கே?"

அவள் கை வெளியே காட்டியது. வரிசையாக மண்மேடுகள்.

"பேதி. கடைசி நாலு பேரை நான்தான் புதைத்தேன்."

"உங்களுக்குத்தான் நோயே வராதே!" என்று அலறினான் அரசன்.

வாழ்நாளெல்லாம் வாதாடிய சிலம்பாயியிடமிருந்து இப்போது ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கொண்டு வந்தீர்களா, மகாராஜா?"

அரசன் திரும்பிப் பார்த்தான். பல்லக்கு இருந்தது. பட்டு மெத்தை இருந்தது. குடைபிடிக்க ஆள் இருந்தான். தண்ணீர் இல்லை.

ஆள் ஓடினான். செம்பு வந்து சேர்வதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது.

அரண்மனையில் மகள் "தண்ணீர், தண்ணீர்" என்று முனகிக்கொண்டிருந்தாள். அரசன் செம்போடு அறைவாசல் வரை போனான். உள்ளே கால்வைக்கப் பயம். அங்கேயே நின்றான். ஒரு நாள் நின்றான், இரண்டு நாள் நின்றான். மூன்றாம் நாள் முனகல் நின்றது. அந்தக் கோடை முடியும்போது நெடுவாயிலில் பாதி வீடுகளில் விளக்கேற்ற ஆளில்லை.

கேட்டீர்களா? ஆபத்தில் காப்பாற்றியவர்களை ஆபத்து தீர்ந்ததும் வாழவிடாத நாடு, அடுத்த ஆபத்தில் தானும் வாழாது.